போய் வருகிறேன் என்று சொல்லிப் போங்கள்

(மழலையர் பள்ளிச் சேர்க்கைக் காலத்தையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை. நம் பங்கு மக்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



இது மாம்பழக் காலம். கிருஷ்ணகிரி மாவட்டமெங்கும் தோப்புகளில் காய் பறிக்கிறார்கள். மாங்கூழ் ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. இதே நாள்களில்தான் பள்ளிச் சேர்க்கையும் நடக்கிறது. இன்னும் சில வாரங்களில் பள்ளிகள் திறந்துவிடும். மூன்று வயதும் நான்கு வயதுமான நம் குழந்தைகள் முதன்முறையாக வீட்டை விட்டுப் போகப் போகிறார்கள்.

கல்லாவி பேருந்து நிறுத்தத்தில் விடியற்காலையில் நின்று பாருங்கள். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் காத்திருப்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. சிலருடைய கண் மட்டும் வீட்டுப் பக்கமே இருக்கும். அங்கே ஒரு குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. வேலை 8 மணி நேரம்தான். ஆனால் போகவரும் பயணத்தையும் சேர்த்தால் அந்தத் தாய் வீட்டை விட்டு 10, 11 மணி நேரம் விலகி இருக்கிறார்.

அதனால்தான் பங்கு அலுவலகத்தில் இப்போது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "ஃபாதர், மதியத்தோட அனுப்பிடாம, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பிள்ளைய வெச்சிக்குவீங்களா?" அங்கன்வாடிகள் 1975 முதல் நம் ஏழைக் குழந்தைகளுக்குப் பெரும் துணையாக இருந்து வருகின்றன. 2019-இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளையும் தொடங்கியது. ஆனாலும் மாலை ஷிப்டு முடிந்து தாய் திரும்பும் நேரம் வரை குழந்தையை யார் பார்ப்பது? நம் திருஅவையின் மழலையர் பள்ளிகள் சில, மாலை வரை பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள முன்வருவது இதற்காகத்தான்.

"பெத்துட்டு வேலைக்கு ஏன் போகணும்?" என்று சிலர் பேசுவதையும் கேட்கிறோம். அப்படிப் பேசுகிறவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அந்தத் தாய் வாங்கி வரும் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, கடன் அடைகிறது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் உரிமை நமக்கு இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவ்வளவு சின்னக் குழந்தையை இவ்வளவு நீண்ட பகலுக்கு எப்படித் தயார் செய்வது?

அன்பார்ந்தவர்களே, இந்தக் கேள்வி விவிலியத்திலும் இருக்கிறது. சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தில் அன்னா என்ற தாயைச் சந்திக்கிறோம். பல ஆண்டுகள் அழுது மன்றாடிப் பெற்ற மகனை ஆண்டவரின் இல்லத்தில் விடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் கணவர் எல்கானா சீலோவுக்குப் புறப்பட்டபோது அன்னா உடனே போகவில்லை. பிள்ளை பால்குடி மறக்கட்டும், பிறகு நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லி வீட்டிலேயே தங்கினார். அந்நாள்களில் தாய்மார் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பாலூட்டினார்கள் என்பது மக்கபேயர் இரண்டாம் நூல் 7:27 வழியாக நமக்குத் தெரிகிறது. அப்படியானால் சீலோவுக்குப் போன சாமுவேலுக்கு, இன்று எல்.கே.ஜி. சேரும் பிள்ளையின் வயதுதான் இருந்திருக்கும்!

அன்னா பிள்ளையைத் தயார் செய்துவிட்டுத்தான் கூட்டிப் போனார். தாமே கூட்டிப் போனார். ஏலியின் முன் நிறுத்தி, தாம் யார், இந்தப் பிள்ளை யார் என்று சொல்லி ஒப்படைத்தார். இந்த மூன்றையும் நாமும் செய்யலாம்.

தயார் செய்வது என்றவுடன் நாம் எதை நினைக்கிறோம்? ஏ, பி, சி, டி சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ண வேண்டும். இரண்டு ஆங்கிலப் பாட்டு பாட வேண்டும். இந்த எண்ணத்தை உங்களுக்கு வளர்த்துவிட்டதில் பள்ளி நடத்துகிற எங்களுக்கும் பங்கு உண்டு. சேர்க்கையின்போது நாங்கள் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம், ஆதார் கேட்கிறோம், கட்டணம் கேட்கிறோம். பிள்ளை எப்படித் தூங்கும், எதற்குப் பயப்படும் என்று கேட்டோமா? கேட்டதில்லை. இதற்காக மனம் வருந்துகிறோம்.

எழுத்தும் எண்ணும் பள்ளியில் வரும். வீட்டில் மட்டுமே கற்றுத்தர முடிகிற பாடம் ஒன்று இருக்கிறது. போகிறவர் திரும்பி வருவார் என்பதே அந்தப் பாடம்.

ஒரு மழலையர் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறோம். முதல் நாள் ஒரு தாய் தன் மகளை ஊஞ்சலில் உட்காரவைத்தார். குழந்தை சிரித்துக்கொண்டே ஆடியது. அழுதால் மனசு தாங்காது, பஸ்ஸும் போய்விடும் என்று அந்தத் தாய் சொல்லாமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். குழந்தை திரும்பிப் பார்த்தது. அம்மா இல்லை. அதன் பிறகு பல வாரங்கள் அந்தப் பிள்ளை ஊஞ்சல் பக்கமே போகவில்லை. மற்ற பிள்ளைகள் ஆடினால்கூட ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஊஞ்சலில் உட்கார்ந்தால் அம்மா காணாமல் போய்விடுவார் என்று அது புரிந்துகொண்டிருந்தது. அந்தத் தாயைக் குறை சொல்லவில்லை. நம்மில் யார்தான் அப்படிச் செய்யாதவர்? "கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்", "சாக்லேட் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நாமும் நழுவியிருக்கிறோம். அந்த நிமிடம் அழுகை நின்றுவிடும். ஆனால் பிள்ளைக்கு நம் சொல்லின்மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சம் தேய்ந்துபோகும்.

தமிழர்களாகிய நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறோம். யாராவது வெறுமனே "போறேன்" என்றால், "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று பெரியவர்கள் திருத்துவார்கள். விடைபெறும் சொல்லிலேயே திரும்பி வரும் வாக்குறுதியையும் நம் முன்னோர் வைத்துவிட்டார்கள். இந்தச் சொல்லைக் குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். எப்போது வருவீர்கள் என்பதைக் குழந்தைக்குப் புரியும் கணக்கில் சொல்லுங்கள். ஆறு மணி என்றால் அதற்குத் தெரியாது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பால் குடிச்சு, விளையாடுவே, அப்புறம் அம்மா வந்துடுவேன்" என்றால் தெரியும். குழந்தை அழும். அழட்டும். உண்மை தெரிந்து அழுகிற குழந்தையைத் தேற்றலாம். ஏமாந்து அழுகிற குழந்தையைத் தேற்றுவது கடினம்.

சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். ஷிப்டு மாறும் வாரத்தில் யார் வந்து கூட்டிப் போவார்கள் என்பதை முந்தின இரவே சொல்லிவிடுங்கள். "நாளைக்கு அம்மா இல்ல, தாத்தா வருவாரு" என்றால் பிள்ளை தாத்தாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்.

இது வெறும் குழந்தை வளர்ப்பு யோசனை அல்ல, அன்பார்ந்தவர்களே. இது விசுவாசத்தின் வேர். யோவான் நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களிடம் விடைபெறுகிறார். போய் இடம் ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்ப வந்து அவர்களை அழைத்துக்கொள்வதாக வாக்களிக்கிறார். அவர்களை அநாதைகளாக விட்டுவிடமாட்டேன் என்று உறுதி கூறுகிறார். ஆண்டவரும் சொல்லாமல் நழுவிவிடவில்லை. "போய் வருகிறேன்" என்று சொல்லித்தான் போனார். அந்த வாக்கை நம்பித்தான் நாம் இன்றும் திருப்பலியில் அவரது வருகையை எதிர்நோக்கி நிற்கிறோம். தாயின் வாக்கை நம்பிப் பழகிய பிள்ளைக்கு, நாளை கடவுளின் வாக்கை நம்புவது எளிதாகும்.

இனி, பள்ளி திறப்பதற்குள் வீட்டில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம். இவற்றுக்குப் பணம் வேண்டாம், ஒரு மாதப் பொறுமை போதும்.

தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் இப்போதே மாற்றத் தொடங்குங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் முன்னதாக எழுப்பினால் பள்ளி திறக்கும்போது பழகிவிடும். தன் கையால் சாப்பிடப் பழக்குங்கள். சிந்தினால் சிந்தட்டும். டிபன் டப்பாவின் மூடியையும் தண்ணீர் பாட்டிலையும் பிள்ளையே திறக்கிறதா என்று பாருங்கள். கடையில் அழகாக இருக்கிறதென்று வாங்கிய டப்பாவைத் திறக்க முடியாமல் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். எளிதில் கழற்றி மாட்டும் உடையாகப் போடுங்கள். ஒன்றுக்கு, இரண்டுக்கு வந்தால் வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். அத்தை வீட்டிலோ சித்தி வீட்டிலோ முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் விட்டுப் பாருங்கள். பள்ளி திறக்கும் முன்பே ஒருநாள் கூட்டி வாருங்கள். படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் பார்க்கட்டும். பார்த்துக்கொள்ளப் போகும் அக்காவின் பெயரைத் தெரிந்துகொள்ளட்டும்.

நம் எல்லைப் பகுதிக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறோம். வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களும் வாடகை வீடுகளில் இருக்கின்றன. தாகம் எடுத்தால் ஒரு குழந்தை தண்ணி என்கிறது, ஒன்று நீள்ளு என்கிறது, ஒன்று நீரு என்கிறது, ஒன்று பானி என்கிறது. பார்த்துக்கொள்பவருக்குப் புரியாவிட்டால் அந்தக் குழந்தை நாள் முழுக்கத் தாகத்தோடு இருக்கும். தண்ணீர், பசி, வலி, கழிப்பறை, அம்மா, பயம் - இந்த ஆறுக்கும் உங்கள் வீட்டில் பிள்ளை என்ன சொல்லும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதைச் சுவரில் ஒட்டிவைப்பது எங்கள் கடமை.

இது ஒரு கிறிஸ்தவ மழலையர் பள்ளி. அதற்கென்று தனித் தயாரிப்பு உண்டா? உண்டு. ஜெபங்களை மனப்பாடம் செய்யவைப்பதற்கு முன்னால் ஒரு பழக்கத்தை நாம் விட வேண்டும். "சேட்டை பண்ணினா சாமி கண்ணைக் குத்தும்" என்கிறோம். "ஃபாதர்கிட்ட சொல்லிடுவேன், சிஸ்டர்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன், அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன்" என்று பயமுறுத்துகிறோம். மே மாதம் முழுக்க இப்படிச் சொல்லிவிட்டு, ஜூன் மாதம் அதே சாமியின் வீட்டில், அதே சிஸ்டரின் கையில் பிள்ளையை விட்டால் அது எப்படி உள்ளே வரும்? மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில், குழந்தைகளைத் தடுத்த சீடர்கள்மேல் இயேசு கோபம் கொண்டார். பிறகு குழந்தைகளை அணைத்துக்கொண்டு, அவர்கள்மேல் கை வைத்து ஆசி வழங்கினார். அந்த இயேசுவைத்தான் பிள்ளை வீட்டிலேயே சந்திக்க வேண்டும்.

பிள்ளையின் திருமுழுக்கு நாளை நினைத்துப் பாருங்கள். குருவைத் தொடர்ந்து பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தீர்கள். அதே விரலால் தினமும் காலையில் விடைபெறும்போது வரையுங்கள். மாலையில் திரும்பியதும் மீண்டும் வரையுங்கள். பிள்ளைக்கு அதுவே முதல் மறைக்கல்வி. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்றும், அவர்களுடைய பங்கு குறைந்தால் அதை ஈடுசெய்வது அரிது என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்தது. பள்ளி 10 மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் இடத்தைப் பிடிக்க முடியாது.

நம் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் இந்து, இஸ்லாமியச் சகோதர சகோதரிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். நீங்கள் உங்கள் வழக்கப்படி பிள்ளையை ஆசீர்வதித்து அனுப்புங்கள். திருநீறு பூசி வந்தாலும், துவா சொல்லி அனுப்பினாலும் அந்த ஆசியோடுதான் நாங்கள் பிள்ளையை வாங்கிக்கொள்வோம்.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். அன்னா பிள்ளையை ஒப்படைத்த இடத்தில் ஏலி என்ற குரு இருந்தார். இரவில் சிறுவன் மூன்று முறை எழுந்து ஓடி வந்தபோது, முதியவரான ஏலி எரிச்சல்படவில்லை. மூன்றாம் முறை, சிறுவனை அழைப்பவர் ஆண்டவரே என்று உணர்ந்து, எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுக்கொடுத்தார். சின்னப் பிள்ளை சொல்வதில் பொருள் இருக்கும் என்று நம்பினார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒவ்வொருவரும் ஏலியிடம் இதைக் கற்க வேண்டும். ஆனால் அதே ஏலியின் இல்லத்தில் அவருடைய மகன்கள் தீமை செய்தார்கள். அவர் அறிந்திருந்தும் அவர்களைத் தடுக்கவில்லை. அதற்காக ஆண்டவர் அந்த வீட்டைத் தண்டித்தார். கடவுளின் இல்லம் என்று பெயர் இருந்தால் மட்டும் ஓர் இடம் பாதுகாப்பாகிவிடாது என்பதை விவிலியமே மறைக்காமல் சொல்கிறது.

ஆகவே பெற்றோரே, எங்களிடம் கேள்வி கேளுங்கள். அங்கி அணிந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது யார்? நான்கு மணிக்குமேல் உடன் இருப்பவர் யார், எத்தனை பேர்? யார் வந்தால் பிள்ளையை அனுப்புவீர்கள்? சமையல் எங்கே நடக்கிறது? அவசரத்துக்கு எந்தக் கதவு திறக்கும்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் கூடத்திலிருந்து பரவிய தீயில் 94 பிள்ளைகள் மாண்டார்கள். அந்தப் பெற்றோரின் கண்ணீருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன், இந்தக் கேள்விகளைக் கேட்பதும் பதில் சொல்வதும். பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள்: "யார் தொட்டாலும் உனக்குப் பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லு, வந்து அம்மாகிட்ட சொல்லு, அம்மா திட்டமாட்டேன்." பிள்ளை சொன்னால் முதல் முறையே நம்புங்கள்.

மாலை வரை வைத்திருப்பது என்றால் அடைத்து வைத்திருப்பது என்று நாங்களும் நினைத்துவிடக் கூடாது. மரிய மாண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று, ரோமையின் சான் லொரன்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் நாள் முழுவதும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் கவனிப்பாரற்றுத் திரிந்தார்கள். கட்டடத்தைப் பாழாக்காமல் அவர்களை எங்காவது உட்காரவைக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் கவலையாக இருந்தது. மாண்டிசோரியோ அந்தப் பிள்ளைகளிடம் ஆர்வத்தையும் ஒழுங்கையும் கண்டார். தாமே கை கழுவி, தாமே பரிமாறி, தாமே அடுக்கிவைக்க அவர்களால் முடியும் என்று காட்டினார். பின்னாளில், 1939 முதல், அவர் நம் சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளிடமிருந்துதான் உலகம் இந்தப் பாடத்தைக் கற்றது என்பதை நம் பள்ளிகள் மறக்கக் கூடாது.

தொழிற்சாலை நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. பள்ளியின் மாலை நேரத்தை நாங்கள் நீட்டுவது உங்கள் கடமையைக் குறைத்துவிடாது. தந்தையரே, காலையில் பிள்ளையை விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் தாயின் வேலை மட்டும் அல்ல. சாமுவேலுக்கு எல்கானா என்ற தந்தையும் இருந்தார்.

மாலையில் பிள்ளை உங்களைக் கண்டதும் அழலாம், முரண்டு பிடிக்கலாம். "எங்ககிட்ட சமர்த்தா இருந்துச்சே" என்று ஆயா சொல்வார். மனம் உடைய வேண்டாம். நாள் முழுக்க அடக்கிவைத்ததை உங்களிடம்தான் கொட்ட முடியும் என்று அது நம்புகிறது. வீட்டுக்குள் வந்ததும் அரைமணி நேரம் கைபேசியை ஒதுக்கி வையுங்கள். "இன்னிக்கு என்ன படிச்சே?" என்ற விசாரணை வேண்டாம். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அன்னாவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பிள்ளையை விட்டு வந்த பிறகும் அவர் ஆண்டுதோறும் சாமுவேலுக்கு ஒரு சின்ன மேலங்கி தைத்து எடுத்துக்கொண்டு சீலோவுக்குப் போனார் (1 சாமுவேல் 2:19). போன ஆண்டின் அளவு இந்த ஆண்டுக்குப் பொருந்தாது. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அந்தத் தாய் வீட்டிலிருந்தே மனத்தால் அளந்து தைத்திருப்பார். உங்கள் பிள்ளையும் உங்கள் பழைய துப்பட்டா ஒன்றைப் போர்த்திக்கொண்டு பள்ளியில் மதியம் தூங்கட்டும். நீங்கள் இயந்திரத்தின் முன் நிற்கும்போது, இந்நேரம் தூங்கி எழுந்திருப்பான், பால் குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறீர்களே, அந்த நினைப்பும் கடவுள் முன் ஒரு மன்றாட்டுதான்.

மன்றாடுவோமாக. குழந்தைகளை அணைத்து ஆசி வழங்கிய ஆண்டவராகிய இயேசுவே, முதன்முறையாக வீட்டை விட்டுப் புறப்படும் எங்கள் பிள்ளைகளை உம் கையில் ஏந்தியருளும். வேலைக்குப் போகும் தாய் தந்தையரைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவாரும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அருள்சகோதரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆயாக்களுக்கும் கேட்கும் செவியையும் பொறுமையையும் தாரும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாக்கை நாங்கள் காப்பாற்ற அருள்புரியும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களை ஆசீர்வதிப்பாராக. மீண்டும் சந்திப்போம், நேயர்களே. போய் வருகிறோம்.